ரெண்டு ஆள் தூக்குற மரம்: ஃபே ஜோன்ஸும் தார்ன்கிரவுன் சேப்பலும்

1979 மார்ச் மாசம், அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலம், யுரேகா ஸ்ப்ரிங்ஸ்ங்கற மலை ஊருக்கு மேற்கால ஒரு காட்டுச் சரிவுல கட்டட வேலை ஆரம்பிச்சுது. கட்ட வேண்டியது ஒரு சின்ன சேப்பல், அதாவது கிறிஸ்தவப் பிரார்த்தனைக் கூடம். நீளம் 60 அடி, அகலம் 24 அடி, அதாவது 1440 சதுர அடி, நம்ம கணக்குல முக்கா கிரவுண்டு கூட வராது. ஆனா உயரம் மட்டும் 48 அடி. ஆர்க்கிடெக்ட் இதுக்கு ஒரு கண்டிஷன் போட்டிருந்தாரு: ரெண்டு ஆள் சேந்து காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போக முடியாத எந்த மரச்சட்டமும் இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. பெரிய மெஷின் உள்ள வரணும்னா வழி வெட்டணும், வழி வெட்டுனா மரம் சாயும், அந்த மரங்களுக்கு நடுவுல உக்காரணும்னுதான் சேப்பலே கட்டுறாங்க, அப்புறம் அதை வெட்டிட்டு எதுக்குக் கட்டுறதுன்னு கேள்வி.

அந்த ஆர்க்கிடெக்ட் ஃபே ஜோன்ஸ். அப்போ வயசு 58. தார்ன்கிரவுன் சேப்பல் ஃபோட்டோ இன்டர்நெட்ல சுத்திட்டே இருக்கும், பாத்தவங்க "ஆஹா"ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க, காட்டுக்குள்ள கண்ணாடிக் கோயில், அவ்ளோதான். ஆனா அந்த உருவம் அழகுக்காக முதல்ல வரைஞ்சது மாதிரி எனக்குத் தோணல. ஆள் தூக்குற அளவு என்னன்னு முடிவு பண்ண உடனேயே பாதி டிசைன் முடிஞ்சுபோச்சு. அப்படி ஒரு கண்டிஷனை தைரியமா போடுறதுக்கு அவருக்கு ஒரே பகுதியில, சின்ன ஆஃபீஸை வச்சுக்கிட்டு, வீடா வீடா கட்டுன 25 வருஷம் தேவைப்பட்டுச்சு. இந்தக் கேஸை நான் அப்படித்தான் பாக்குறேன்.

முதல்ல ஆள் யாருன்னு பாத்துடலாம். 1921 ஜனவரி 31, ஆர்கன்சாவுல பைன் பிளஃப்ங்கற ஊர்ல பிறந்தாரு. வளந்தது அதே மாநிலத்துல எல் டொராடோவுல, எண்ணெய்க் கிணறு ஊரு. பையனா இருக்கும்போதே மரத்து மேல வீடு கட்டி விளையாடுன ஆளு. 1938 வாக்குல ஊர் தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி ஓடுன ஒரு சின்னச் செய்திப்படத்துல, அமெரிக்காவோட பேர் போன ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டுன ஜான்சன் வேக்ஸ் கம்பெனி ஆஃபீஸைப் பாத்தாரு. அதுதான் இவரை இந்தத் தொழிலுக்குத் திருப்புனதுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. ஆனா ஆர்கன்சா யுனிவர்சிட்டியில அப்போ ஆர்க்கிடெக்சர் கோர்ஸே கிடையாது, அதனால சிவில் இன்ஜினியரிங்ல சேந்தாரு. நடுவுல உலகப் போர் வந்துச்சு, கடற்படையில பைலட்டா பசிபிக் பக்கம் போயிட்டாரு. 1943-ல கல்யாணம். மனைவி மேரி எலிசபெத், எல்லாரும் கூப்பிடுறது கஸ்.

போர் முடிஞ்சு திரும்பி வந்தா, 1946-ல ஜான் வில்லியம்ஸ்ங்கறவரு ஃபெயட்வில்ல அதே யுனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சர் பாடத்தை புதுசா தொடங்குறாரு. ஜோன்ஸ் முதல் செட். 1950-ல டிகிரி, அடுத்த வருஷம் ஹூஸ்டன்ல ரைஸ் இன்ஸ்டிட்யூட்ல மாஸ்டர்ஸ்.

நடுவுல 1949-ல ஒரு விஷயம் நடந்துச்சு. ஹூஸ்டன்ல அமெரிக்க ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கத்தோட மாநாடு, ரைட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்குறாங்க. ஃபெயட்வில்ல இருந்து ஸ்டூடண்ட்ஸ் கும்பலா கிளம்பிப் போறாங்க, அதுல ஜோன்ஸும் ஒருத்தரு. புதுசா திறந்த ஷாம்ராக் ஹோட்டல்ல பார்ட்டி. பார்ட்டி போரடிச்சு ரைட் கதவைத் தள்ளிட்டு வெளிய வந்தாரு, எதிர்ல சுவத்தோட ஒட்டி நின்ன இந்தப் பையன்கிட்ட போய் கையை நீட்டி, தன் பேரைச் சொல்லி, நான் ஒரு ஆர்க்கிடெக்ட்னு அறிமுகம் பண்ணிக்கிட்டாரு (ரைட்டுக்கு அறிமுகம் ஒரு கேடா!). அப்புறம் அந்த ஹோட்டலையே சுத்திக் காட்டி எங்கெங்க என்னென்ன சொதப்பி வச்சிருக்காங்கன்னு ஒரு பாடமே எடுத்தாரு. ஜோன்ஸ் வாழ்நாள் முழுக்க இந்தக் கதையைச் சொல்லிட்டே இருந்தாரு.

அடுத்து ரெண்டு வருஷம் ஓக்லஹோமா யுனிவர்சிட்டியில வாத்தியார் வேலை, ப்ரூஸ் காஃப் தலைமையில. காஃப் யாருன்னா கண்ணாடிக் கழிவு, கயிறு, நிலக்கரின்னு எதை வேணா எடுத்து வீடு கட்டுற ஒரு விசித்திர மனுஷன். 1953-ல ரைட் கூப்பிட்டு, தாலியெசின்ல (ரைட்டோட வீடும் ஸ்டூடியோவும் சேந்த இடம்) அவர்கிட்ட கொஞ்ச காலம் இருந்துட்டு, அதே வருஷம் ஃபெயட்வில்லுக்கே திரும்பிட்டாரு. ரைட்கிட்ட போன நிறைய பேரு அங்கயே தங்கிட்டாங்க, இல்ல ரைட் மாதிரியே வரைஞ்சு ரைட் நிழல்லயே காணாமப் போயிட்டாங்க. இவரு சீக்கிரம் கிளம்பி வந்தது அவருக்கு நடந்த பெரிய நல்லதுன்னு நான் சொல்வேன். அங்க இருந்து கொண்டுவந்தது கட்டடம் இடத்துல இருந்து முளைக்கணும், முழுசுல இருக்கற குணம் சின்னத் துண்டுலயும் இருக்கணும்ங்கற ரெண்டு யோசனைதான். கோடுகள் ரைட் மாதிரி இருந்ததெல்லாம் முதல் சில வீடுகள்ல மட்டும்.

ஃபெயட்வில்ல பாடம் எடுத்துக்கிட்டே பக்கத்துல பிராக்டிஸ். 35 வருஷம், 1988 வரைக்கும் வாத்தியார் வேலையை விடல. இதை சாதாரணமா நினைக்காதீங்க, மாசச் சம்பளம் ஒண்ணு வந்துக்கிட்டு இருந்ததாலதான் பிடிக்காத வேலையை வேணாம்னு சொல்ல முடிஞ்சுது, ஆஃபீஸை சின்னதாவே வச்சுக்க முடிஞ்சுது. ஷாப்பிங் மால், டவர்னு போயிருந்தா ஸ்டாஃப் கூடியிருக்கும், ஸ்டாஃபுக்குச் சம்பளம் போடவே இன்னும் ரெண்டு மால் புடிக்கணும், அந்தச் சுழல்ல மாட்டுனவன் நாற்காலி டிசைன்ல எல்லாம் உக்கார முடியாது. இவரு விளக்கு, நாற்காலி வரைக்கும் தன் கையாலயே வரைஞ்ச ஆளு. மொத்தமா அவரு பண்ணது சுமார் 135 வீடு, 15 சேப்பல் மாதிரியான கட்டடம். பெரும்பாலானது ஆர்கன்சாவுலயும் சுத்துப்பட்ட மாநிலங்கள்லயும்தான்.

1956-ல முடிச்ச சொந்த வீட்டுலயே பின்னாடி வரப்போற விஷயம் எல்லாம் இருக்கு. சரிவான மனை, மனைக்குள்ள ஒரு பாறை. பாறையை வெடி வச்சு எடுக்காம வீட்டுக்குள்ளயே விட்டுட்டாரு. கீழ்த்தளம் கல்லால குகை மாதிரி, மேல்தளம் மரத்தால பரண் மாதிரி. ஆர்கன்சா காட்டுல கிடைக்கிறது கல்லும் மரமும், அதுல கனமானது கீழ, லேசானது மேல, அவ்ளோதான் ஃபார்முலா. ஓசார்க் மலைப் பகுதியில பாறை அடுக்கடுக்கா வெளிய நீட்டிட்டு இருக்கும், அதுக்கு மேல ஓக் மரக்காடு. அந்த ஊரு நிலமே இந்த வீட்டை நெடுக்க வெட்டிப் பாத்த மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் வந்த கிளையன்ட்டுகள்ல ரெண்டு பேரைச் சொல்லணும், ஏன்னா ஒரு பகுதிக்குள்ளயே வேலை செய்யறவனுக்கு அந்தப் பகுதியில யாருகிட்ட காசு இருக்கோ அவங்கதான் கிளையன்ட். ஒருத்தரு சாம் வால்டன், வால்மார்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பென்டன்வில்ல வீடு கேட்டு வந்தாரு. மனைக்குள்ள ஒரு ஓடை இருந்துச்சு, ஜோன்ஸ் அதைத் தேக்கி அது மேலயே வீட்டைக் கட்டுனாரு. எழுபதுகள்ல இடி விழுந்து வீடு எரிஞ்சுபோச்சு, வால்டன் திரும்ப ஜோன்ஸ்கிட்டயே வந்து மறுபடி கட்டிக்கிட்டாரு. இன்னொருத்தரு ஆர்வல் ஃபாபஸ். 1957-ல லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துல கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதுன்னு படையை நிறுத்தி வச்ச அதே கவர்னர்தான். ஹன்ட்ஸ்வில்ல மலைமேல அவருக்குக் கட்டுன வீட்டைப் பாத்துட்டு கவர்னர் சம்பளத்துல இது எப்படி முடிஞ்சுதுன்னு அப்பவே ஊரு கேட்டுச்சு. ஜோன்ஸோட வாழ்க்கையை எழுதறவங்க பெரும்பாலும் இந்த வீட்டை ஒரு வரியில தாண்டிடுறாங்க. எனக்கு அது சரியாப் படல. இயற்கை, ஒளி, எளிமைன்னு பேசுற ஆர்க்கிடெக்ட் யாருக்குக் கட்டுறாருங்கறதும் கேஸோட ஒரு பகுதிதான்.

தார்ன்கிரவுனுக்கு நேரான முன்னோடின்னு பாத்தா 1965-ல ஹீபர் ஸ்ப்ரிங்ஸ் பக்கம் ஈடன் ஐலுங்கற இடத்துல கட்டுன ஸ்டோன்ஃபிளவர்ங்கற ஒரு குட்டி வீடு. ரெண்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகளுக்காகக் கட்டுனது, பட்ஜெட் ரொம்பக் கம்மி. கீழ கல்லு, குளிக்கற இடமே ஒரு குகை அருவி மாதிரி. மேல ஒடுக்கமா, உயரமா ஒரு மரக்கூடு, உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா சின்னச் சின்னச் சட்டங்க குறுக்கும் நெடுக்குமா ஓடும். காசு இல்லாததால கடையில கிடைக்கிற சாதாச் சட்டத்தை வச்சே எல்லாத்தையும் பண்ணணும். அந்த மரக்கூட்டுல இருந்து சுவத்தை எடுத்துட்டு கண்ணாடி போட்டா தார்ன்கிரவுன் வந்துடும். ஆனா அங்க போய்ச் சேர இன்னும் 14 வருஷம் ஆச்சு.

இப்போ சேப்பலுக்கு வருவோம். ஜிம் ரீடுங்கற ஒரு ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியாரு (இவரும் பைன் பிளஃப்காரரு) 1971-ல யுரேகா ஸ்ப்ரிங்ஸ் பக்கம் கடைசிக் காலத்துல இருக்கலாம்னு ஒரு நிலம் வாங்குனாரு. வியூ நல்லா இருக்கறதால ரோட்டுல போற டூரிஸ்ட்டுகள் எல்லாம் இவரு இடத்துல வண்டியை நிறுத்திட்டு மலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேற ஆளா இருந்தா கம்பிவேலி போட்டு போர்டு மாட்டியிருப்பாரு. இவரும் மனைவியும், வர்றவங்க கொஞ்ச நேரம் உக்காந்து பிரார்த்தனை பண்ணிட்டுப் போக ஒரு இடம் கட்டிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. சர்ச் சபை கிடையாது, கமிட்டி கிடையாது, பெரிய பணமும் கிடையாது. வேலை பாதியில நிக்கிற அளவுக்குப் பணம் தீந்துபோச்சு, ரீடு அந்த அரைகுறைக் கட்டடத்துக்குள்ள மண்டி போட்டு ஜெபம் பண்ணாருன்னும், சில நாள்ல இல்லினாய்ல இருந்து ஒரு அம்மா கடன் கொடுத்தாங்கன்னும் சேப்பல்காரங்க சொல்றாங்க. 1980 ஜூலை 10-ல திறந்தாச்சு.

கட்டுமானத்தைக் கொஞ்சம் கிட்டத்துல போய்ப் பாக்கலாம், இங்கதான் விஷயமே இருக்கு. அடியில உள்ளூர்க் கல்லுல தாழ்வான சுவரு, தரையும் கல்லுப் பாவுனது. அதுக்கு மேல எல்லாமே பைன் மரம், அதுவும் எந்த மரக்கடையிலயும் கிடைக்கிற ரெண்டுக்கு நாலு, ரெண்டுக்கு ஆறு, ரெண்டுக்கு பன்னெண்டு இஞ்சு சட்டங்க. இவ்ளோ மெல்லிசுச் சட்டத்தை வச்சு 48 அடி உயரம் போகணும். ஒத்தைச் சட்டம் அந்த உயரத்துக்குத் தாங்காது, அதனால பல சட்டங்களைச் சேத்துத் தூணாக்கணும், தூண் வளையாம இருக்க நிறைய இடத்துல புடிச்சுக் கட்டணும். கைமரம் ரெண்டு பக்கமும் சுவத்தை வெளிய தள்ளும், காத்து பக்கவாட்டுல அடிக்கும், இதையெல்லாம் சமாளிக்கணும். பெரிய உத்தரம் போட்டிருந்தா நாலஞ்சு போட்டு முடிச்சிருக்கலாம். அது காட்டுக்குள்ள வராதே. அதனால ஒரு பக்கத் தூண்ல இருந்து எதிர்ப்பக்கத்துக்கு சாய்வா சட்டங்க போகுது, எதிர்ல இருந்து இந்தப் பக்கத்துக்கு வருது, நடுவுல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்குது, இதே மாதிரி வரிசையா 60 அடி நீளத்துக்கு. வாசல்ல நின்னு பாக்கறவனுக்கு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்கி, கிளைங்க பின்னிக்கிட்ட மாதிரி தெரியுது. இப்படிச் சட்டங்களைப் பின்னுன கூடுகளை (ட்ரஸ்ஸுன்னு பேரு) தரையிலயே கோத்து அப்புறம் தூக்கி நிறுத்துனாங்க.

சட்டங்க நடுவுல வெட்டிக்கற ஜாயின்ட்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். நம்ம ஆளா இருந்தா ஒரு ஸ்டீல் பிளேட்டை வச்சு போல்ட் முறுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். ஜோன்ஸ் அந்த ஜாயின்ட்டை உள்ள காலியான வைர வடிவ ஸ்டீல் சட்டமா பண்ணாரு. நாலு பக்கமும் இருந்து மரம் வந்து சேருது, ஆனா சேர்ற மையப் புள்ளியில மரமே இல்ல, வெறும் ஓட்டை, அது வழியா வெளிச்சம் வருது. பாரம் நிறைய சேர்ற இடம்தான் வழக்கமா தடிமனா இருக்கும், இங்க அதே இடம் வெளிச்சம் புகுற ஜன்னல் ஆயிடுச்சு. முகட்டுல நீளத்துக்கும் ஸ்கைலைட் வேற, அதனால வெயில் நகர நகர உள்ள நிழல் கோலமும் மாறிக்கிட்டே இருக்கும்.

பாரிஸ்ல இருக்கற செயின்ட் ஷாப்பெல் அவருக்கு ரொம்பப் புடிச்ச கட்டடம், 13-ஆம் நூற்றாண்டு, கல்லுக் கூடும் கலர்க் கண்ணாடியுமா இருக்கும். அந்தக் காலத்து காத்திக் பாணிக் கோயில்ல, அதாவது கூர்மையான வளைவும் பெரிய உயரமுமா இருக்கற ஐரோப்பிய சர்ச்சுகள்ல, கூரை சுவத்தை வெளிய தள்ளும், அதை வெளிய இருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குவாங்க. ஜோன்ஸ் அதைத் தலைகீழாப் போட்டாரு. வெளிய முட்டுக் கொடுக்காம, ரெண்டு சுவத்தையும் உள்ள இருந்தே குறுக்குச் சட்டத்தால இழுத்துப் புடிச்சு வச்சுட்டாரு. கல்லுக்கு அமுக்கம் தாங்கத் தெரியும், இழுத்தா விட்டுடும். மரம் இழுப்பையும் தாங்கும். பொருள் மாறுனதும் தர்க்கம் மாறுது, தர்க்கம் மாறுனதும் வெளிய முட்டுக்கு வேலை இல்ல, அதனாலதான் கண்ணாடிக்கு வெளிய நேரா மரம் நிக்க முடியுது. "ஓசார்க் காத்திக்"னு இதுக்குப் பேரு வந்துச்சு. மேம்போக்காப் பாத்தா கூர்மையா உயரமா இருக்கறதால வச்ச பேருன்னு தோணும், உண்மையில இந்தத் திருப்பிப் போட்ட கணக்குலதான் அந்த உறவு இருக்கு.

கண்ணாடி 425 ஜன்னல், மொத்தம் 6000 சதுர அடி, எல்லாம் சாதாக் கண்ணாடி, கலர் கிடையாது. மரத்துக்கு சாம்பல் நிறச் சாயம், அதையும் கையால தேச்சு வெளிய நிக்கிற மரப்பட்டை நிறத்துக்குக் கொண்டுவந்தாங்க. தூண்ல விளக்குங்க இருக்கு, ராத்திரி கண்ணாடியில அதோட பிம்பம் விழுந்து விளக்கு வெளிய காட்டுக்குள்ள தொங்குற மாதிரி இருக்கும்.

வெளிய இருந்து அங்கீகாரம் வேகமா வந்துச்சு. 1981-ல ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கத்தோட ஹானர் அவார்டு. கிட்டத்தட்ட அதே சமயம் ரோம் பிரைஸ்ங்கற, ரோம்ல தங்கி வேலை செய்யக் கொடுக்கற உதவித்தொகையில ஜோன்ஸ் இத்தாலிக்குப் போயிருந்தாரு, அறுபது வயசுல ஸ்காலர்ஷிப்! 1990-ல தங்கப் பதக்கம், 41 வருஷம் முன்னாடி ஹூஸ்டன்ல ரைட் வாங்குன அதே பதக்கம். ரைட்கிட்ட பழகுன சீடர்கள்ல முதல்ல அதை வாங்குனது இவருதான். நியூயார்க், சிகாகோன்னு நூத்துக்கணக்கான ஸ்டாஃப் வச்சிருக்கற ஆஃபீஸுகளுக்குப் பழகிப்போன லிஸ்ட்டுல ஃபெயட்வில்ல ஒரு சின்ன ஆஃபீஸ். 2000-ல சேப்பல் அமெரிக்காவோட வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டுல ஏறுச்சு. அந்தப் பதிவேட்டுக்குப் பொதுவா 50 வருஷம் ஆன கட்டடமா இருக்கணும், இதுக்கு அப்போ 20 வயசுதான், விதிவிலக்கா எடுத்துக்கிட்டாங்க.

தார்ன்கிரவுனுக்கு அப்புறம் எல்லாரும் சேப்பல் கேட்டு வந்தாங்க, அது இயல்பு. 1988-ல பெல்லா விஸ்டாவுல மில்ட்ரெட் கூப்பர் சேப்பல், இதுல மரத்துக்குப் பதிலா ஸ்டீல், வளைவு வளைவா நேரடியாவே காத்திக் வடிவம். நல்லாதான் இருக்கு, கல்யாண ஃபோட்டோவுக்குப் பிரமாதம். ஆனா ஸ்டீலை வளைக்க முடியும்ங்கறதால வளைச்சிருக்காங்க, வளைஞ்சே ஆகணும்ங்கற கட்டாயம் அங்க இல்ல. தார்ன்கிரவுன்ல ஒரு சட்டத்தை எடுத்தா ஏன் எடுத்தன்னு கட்டடம் கேக்கும், இங்க அப்படிக் கேக்கற மாதிரி எனக்குத் தெரியல. இது என் அபிப்பிராயம், பெல்லா விஸ்டாதான் பெட்டர்னு சொல்றவங்களும் இருக்காங்க.

அந்த வரிசையில எனக்கு உண்மையிலயே மேல போனதாத் தோணுறது சேப்பலே இல்லாத ஒண்ணு: மிசிசிப்பியில பிக்காயூன் ஊர்ல, க்ராஸ்பி ஆர்போரீட்டம்ங்கற தாவரத் தோட்டத்துல இருக்கற பைன்கோட் பெவிலியன், 1987. சுவரே கிடையாது, குளத்தங்கரையில ஒரு கூரை, கீழ தூண்கள். கூரை நடுவுல முழுசா மூடியிருக்கும், ஓரத்துக்கு வர வர மரச்சில்லு ஓடு நிக்குது, அப்புறம் பலகை நிக்குது, கடைசியில வெறும் கைமர நுனி மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. கட்டடம் எந்த இடத்துல முடியுதுன்னு கோடு போட்டுக் காட்ட முடியாது. தார்ன்கிரவுன்ல கண்ணாடி வேணும்ங்கற கட்டாயம் இருந்துச்சு, இங்க அதுவும் இல்ல, அவரு நினைச்சது முழுசா இங்கதான் நடந்திருக்குன்னு நினைக்கிறேன். 1990-ல இதுக்கும் ஹானர் அவார்டு கிடைச்சுது.

ஆனா இந்த வழியில ஒரு சிக்கலும் இருக்கு. இதை வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போறது கஷ்டம். சட்டம் மலிவுதான், ஆனா ஆயிரக்கணக்கான ஜாயின்ட்டை ஒழுங்கா வெட்டிக் கோக்கற தச்சர்கள் வேணும், தினம் சைட்டுக்கு வர்ற ஆர்க்கிடெக்ட் வேணும், பொறுமையுள்ள ஓனர் வேணும். மரத்துல செலவு குறைஞ்சா கைவேலையில ஏறிடும். ரெண்டு ஆள் தூக்குற சட்டம்னு கேக்க எளிமையா இருக்கு, அந்தச் சட்டம் எத்தனைன்னு எண்ணிப் பாத்தாதான் எளிமையோட விலை தெரியும். பார்ட்னரா இருந்த மாரிஸ் ஜென்னிங்ஸ் அதே வழியில தொடர்ந்து கட்டுனாரு, ஹாட் ஸ்ப்ரிங்ஸ் பக்கம் ஆந்தனி சேப்பல் அதுல பேர் போனது.

ஜோன்ஸுக்குக் கடைசி வருஷங்கள்ல பார்க்கின்சன் நோய். வரையற கைக்கு அந்த நோய் வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 2004 ஆகஸ்ட் 30-ல ஃபெயட்வில்லயே காலமானாரு. 2006-ல தார்ன்கிரவுனுக்கு 25 வருஷம் தாண்டியும் நிக்கிற கட்டடங்களுக்குக் கொடுக்கற அவார்டு கிடைச்சுது. 2009-ல அவரு முதல் செட்ல படிச்ச அதே ஆர்க்கிடெக்சர் ஸ்கூலுக்கு அவரு பேரையே வச்சாங்க.

சேப்பலுக்கு வந்த பெரிய ஆபத்து அதுக்கப்புறம்தான். 2013-ல ஒரு மின்சாரக் கம்பெனி அந்த மலைப்பகுதி வழியா 345 கிலோவோல்ட் லைன் போட அனுமதி கேட்டுச்சு, அவங்க காட்டுன பாதைகள்ல ஒண்ணு சேப்பலுக்குப் பக்கத்துலயே போச்சு. ரெண்டு ஆள் தூக்குற சட்டத்தால கட்டுன இடத்துக்குப் பின்னாடி 150 அடி டவரும், அதுக்காக அகலமா வெட்டுன காடும் வந்தா அந்தக் கண்ணாடி வழியா எதைப் பாக்கறது? கண்ணாடிக்கு வெளிய இருக்கற காடுதான் அந்தக் கட்டடத்தோட சுவரு, அது சேப்பல் பேர்ல பட்டாவா இருக்கணும்னு அவசியமில்ல, பதிவேட்டுல ஏத்துனாலும் பக்கத்துக் காட்டுக்கு அது காவல் ஆகாது. ஊரு மொத்தமும் எதிர்த்துச்சு, ஆர்க்கிடெக்ட்டுகளும் எதிர்த்தாங்க, விசாரணை நடந்துச்சு. 2014 டிசம்பர்ல கம்பெனி மனுவை வாபஸ் வாங்கிடுச்சு. அந்தப் பகுதி மின்சார கிரிட்டை நடத்தறவங்க கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்து, அந்த லைனே இனிமே தேவைப்படலன்னு சொன்னதுதான் அவங்க கொடுத்த காரணம்.